பட்டம் உண்டு, பட்டா இல்லை

பெண்டாட்டியை விற்றுப் பண்ணை வாங்கியவர். இம்ஹாஃப் என்ற ஜெர்மன் பிரபுவைப் பற்றி ஆங்கிலேயர்களிடையே தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்ட பேச்சு இது. கிளப்பிவிட்டவர்கள் கல்கத்தாவின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள். அந்த வம்புக்கு இலக்கிய அந்தஸ்து கொடுத்தவர் வரலாற்றாசிரியர் மெக்காலே. வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி 1841இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் இம்ஹாஃப் தலைகாட்டுவது கொஞ்ச நேரம்தான். காசுக்கு மசிந்த கணவன் என்ற முத்திரையோடு அவரை வெளியே அனுப்பிவிட்டு, மெக்காலே தன் கதாநாயகனிடம் திரும்பிவிடுகிறார்.

முத்திரை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மனிதர் யார், எந்தக் குடும்பம், எதற்காகக் கப்பலேறினார், ஏன் மதராஸில் இறங்கினார் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. இது மனைவியைப் பற்றிய கதையாக இருப்பதைவிட நிலத்தைப் பற்றிய கதையாகத்தான் அதிகம் இருக்கிறது.

முழுப் பெயர் கிறிஸ்டோஃப் ஆடம் கார்ல் ஃபொன் இம்ஹாஃப். 1734இல் பிறந்தவர். நடுவில் வரும் ‘ஃபொன்’ பிரபு குலத்தின் அடையாளம். இம்ஹாஃப்களோ ஆதியில் வாளெடுத்தவர்கள் இல்லை, தராசு பிடித்தவர்கள். டான்யூப் கரையிலுள்ள லாவிங்கன் ஊரிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் நியூரம்பெர்க்குக்கு வந்து, குங்குமப்பூவிலும் மசாலாப் பொருள்களிலும் வியாபாரம் செய்து பெருத்தார்கள். நியூரம்பெர்க் அப்போது எந்த மன்னனுக்கும் கட்டுப்படாமல், பேரரசருக்கு மட்டும் தலைவணங்கிய நகரம். அதன் ஆட்சிமன்றத்தில் உட்கார விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களுக்குத்தான் உரிமை இருந்தது. இம்ஹாஃப் அவற்றில் ஒன்று.

நியூரம்பெர்க் புனித லாரன்ஸ் தேவாலயத்துக்குள் சுமார் இருபது மீட்டர் உயரத்துக்குக் கொடிபோல மேலேறி, உச்சியில் கூரையை முட்டி வளைந்து நிற்கும் ஒரு கற்கோபுரம் இருக்கிறது. நற்கருணை அப்பத்தை வைப்பதற்கான பேழை. ஆடம் கிராஃப்ட் என்ற சிற்பியிடம் சொல்லி 1493 முதல் 1496 வரை அதைச் செய்வித்தவர் ஹான்ஸ் இம்ஹாஃப். அந்த எடை முழுவதையும் முதுகில் தாங்குவதுபோல அடியில் மண்டியிட்டிருக்கும் உருவங்களில் ஒன்று சிற்பியே. கையில் உளியும் சுத்தியும். பணம் கொடுத்தவர் சிலையாகவில்லை, உழைத்தவர் ஆகிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் வில்லிபால்ட் இம்ஹாஃப் என்பவர் ஓவியர் டியூரரின் படைப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் இறந்த பிறகு வாரிசுகள் அவற்றைப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விற்றார்கள். முன்னோர் சேர்த்ததைப் பின்னோர் விற்கும் வேலை அந்தக் குடும்பத்தில் அப்போதே தொடங்கிவிட்டது.

இந்தியாவோடு இம்ஹாஃப்களுக்கு இருந்த தொடர்பு அந்த விற்பனையைவிடப் பழையது. 1505 மார்ச் 25 அன்று லிஸ்பனிலிருந்து அல்மெய்டா என்ற போர்த்துகீசியத் தளபதி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அந்தக் கடற்படையில் மூன்று கப்பல்களுக்கு ஜெர்மன் வணிகர்கள் முதல் போட்டிருந்தார்கள். வெல்ஸர் குடும்பம் 20,000 குருசாடோ, அதாவது போர்த்துகீசியத் தங்கக் காசு. மன்னர்களுக்கே கடன் கொடுத்துப் பெயரெடுத்த ஃபுக்கர் 4,000. இம்ஹாஃப் 3,000. மலபார் மிளகுதான் குறி.

அந்தப் பெயர் தமிழ்க் கரையில் ஒருமுறை உரக்கவே ஒலித்திருக்கிறது. நெதர்லாந்து எல்லையோரத்தில் லேர் என்ற ஊரில் 1705இல் பிறந்த குஸ்தாவ் வில்லெம் இம்ஹாஃப் டச்சுக் கம்பெனியில் சேர்ந்து 1736இல் இலங்கையின் ஆளுநரானார். கொழும்பில் முதல் சிங்கள அச்சுப் புத்தகம் வெளிவந்தது அவர் காலத்தில்தான். 1739இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவைச் சந்தித்து, அடங்காவிட்டால் படையெடுப்போம் என்று மிரட்டினார். எங்கள் மீனவர்களின் வள்ளங்களை வைத்து ஐரோப்பா மேல் படையெடுக்க நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று மன்னர் பதில் கொடுத்ததாக ஒரு கதை திருவிதாங்கூரில் வழங்குகிறது. 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படை தோற்றபோது இம்ஹாஃப் அங்கே இல்லை. பிறகு அவர் ஜாவாவில் தலைமை ஆளுநராகி 1750இல் இறந்தார். பெயர் ஒன்று என்பதால் இவரை மதராஸ் இம்ஹாஃபோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் அதிகாரத்தின் உச்சியைத் தொட்டவர். நம்முடையவர் சட்டைப்பை காலியாக வந்து இறங்கியவர்.

ஏன் காலி? இங்கிலாந்தில் பிரபு இறந்தால் பட்டமும் பண்ணையும் மூத்த மகனுக்கு. இளையவர்கள் பட்டாளத்துக்கோ பாதிரி வேலைக்கோ போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மன் நாடுகளில் பொதுவாகப் பட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஐந்து மகன்கள் என்றால் ஐந்து பேரும் பிரபுக்கள், அவர்கள் பெற்றதெல்லாம் பிரபுக்கள். நிலம் மட்டும் பெருகுமா? தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் மிராசுப் பங்கு அண்ணன் தம்பிகளுக்குள் பாதியாகி, காலாகி, அரைக்காலாகிப் போனதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்கு தேய்ந்தாலும் மிராசுதார் என்ற சொல் தேயாது. 18ஆம் நூற்றாண்டில் கையில் பட்டமும் பெட்டியில் ஓட்டைச் சட்டையுமாக ஜெர்மன் பிரபுக்கள் ஐரோப்பா முழுக்க வேலை தேடி அலைந்தார்கள். மன்னர்களுக்கும் சிற்றரசர்களுக்கும் படை அதிகாரிகளைத் தந்துகொண்டிருந்தது இந்தக் கூட்டம்தான்.

இம்ஹாஃபும் அந்த வழியில்தான் போனார். நியூரம்பெர்க்குக்குத் தெற்கே மோர்லாக் என்ற கிராமத்தில் குடும்ப மாளிகை ஒன்று இருந்தது. அவர் பெயரோடு அந்த ஊரும் ஒட்டிக்கொண்டிருந்தது. வருமானம் ஒட்டவில்லை. வூர்ட்டெம்பெர்க் கோமகனின் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அங்கே அன்னா மரியா அப்போலோனியா சாபுசே என்ற இளம்பெண்ணோடு தொடர்பு ஏற்பட்டது. மதக் கொடுமைக்குத் தப்பிப் பிரான்ஸிலிருந்து ஜெர்மனிக்கு ஓடிவந்த புராட்டஸ்டன்ட் வம்சம் அவளுடையது. வசதியில்லாத வீடு. வரலாற்றில் அவள் பெயர் மரியன். அது பின்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸ் கூப்பிட்ட செல்லப் பெயர்.

குழந்தைகள் பிறந்தன, செலவு ஏறியது. குடும்பம் லண்டனுக்குப் போனது. இங்கிலாந்து அரசி ஷார்லட் ஜெர்மன்காரி. அவரைச் சுற்றியிருந்த ஜெர்மானியர் வழியாகச் சிபாரிசு கிடைத்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேடட் வேலை வாங்கினார் இம்ஹாஃப். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் சேரும் வேலை அது. இவருக்கு வயது முப்பத்தைந்து.

1769 வசந்தத்தில் ‘டியூக் ஆஃப் கிராஃப்டன்’ என்ற கப்பல் புறப்பட்டது. அதே கப்பலில் மதராஸ் ஆட்சிமன்றத்தின் இரண்டாம் உறுப்பினராக நியமனம் பெற்ற முப்பத்தாறு வயது மனிதர் ஒருவரும் வந்தார். வாரன் ஹேஸ்டிங்ஸ். அவர் நிலைமையும் இம்ஹாஃபுக்கு ரொம்பத் தூரமில்லை. டேல்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் ஹேஸ்டிங்ஸ் குடும்பத்துக்கு நூற்றாண்டுக் கணக்காக இருந்த பண்ணை அவர் பிறப்பதற்கு முன்பே கைமாறிவிட்டது. ஏழு வயதில் ஓர் ஓடைக்கரையில் படுத்துக்கொண்டு, அந்த மண்ணை என்றாவது மீட்பேன் என்று முடிவு செய்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் மனைவி வங்காளத்தில் 1759இல் இறந்தார். மிஞ்சியிருந்த ஒரே மகன் ஜார்ஜை இங்கிலாந்தில் ஆஸ்டன் குடும்பத்தாரின் பொறுப்பில் விட்டிருந்தார். 1764இல் அந்தப் பையனும் போய்விட்டான். பிற்பாடு அதே ஆஸ்டன் வீட்டில் பிறந்தவர்தான் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டன்.

ஆக, பூர்வீகச் செல்வம் தேய்ந்த இரண்டு வம்சங்கள் ஒரே கப்பலில். ஒருவருக்குக் குடும்பம் இருந்தது, பதவியில்லை. மற்றவருக்குப் பதவி இருந்தது, குடும்பமில்லை. மாதக்கணக்கில் ஒரே தளத்தில் உலாவி, ஒரே மேசையில் சாப்பிட்டு வந்தார்கள். நடுவழியில் ஹேஸ்டிங்ஸ் கடுமையாக நோயில் விழ, மரியன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அன்றைய மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பாலேயே நங்கூரம் போட்டுவிடும். பயணிகளும் பெட்டிகளும் மசூலா படகில் இறங்க வேண்டும். ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணியடித்த படகாக இருந்தால் கரையலை அறையும் அறையில் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கூடவே கட்டுமரத்தில் ஆட்கள் வருவார்கள், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்கு. இங்கே ஒரு இறங்குபாலம் வேண்டும் என்று யோசனை சொன்னவர்களில் ஹேஸ்டிங்ஸும் ஒருவர். அது கட்டப்படுவதற்குள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது.

அவர்கள் வந்த நேரமும் சாதாரணமானதில்லை. அதே ஆண்டு மார்ச் கடைசியில் மைசூரின் ஹைதர் அலி ஆறாயிரம் குதிரை வீரர்களோடு பாய்ந்து வந்து மதராஸின் வாசலில் நின்றார். பரங்கிமலைப் பக்கம் புழுதி பறந்ததும் கோட்டைக்குள் இருந்தவர்கள் நடுங்கிப்போய், ஏப்ரலில் அவர் சொன்னபடி ஒப்பந்தம் போட்டார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிக்காரர்களிடம் வாங்கிய கடனில் மூழ்கியபடியே சேப்பாக்கத்தில் 1768இல் புதிதாகக் கட்டிய மாளிகையில் குடியிருந்தார்.

கோட்டைக்கு மேற்கே என்ன நடந்துகொண்டிருந்தது? 1763இல் நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகீரைக் கம்பெனி எழுதி வாங்கியிருந்தது. இன்றைய பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர், அதற்குள் அடங்கும் மேனாம்பேடு வட்டாரமெல்லாம் அந்த ஜாகீர் பூமிதான். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அதை அளந்தார். இரண்டாயிரம் கிராமங்களுக்கு மேல். எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கு எத்தனை மரக்கால், தச்சனுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்று கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்ததைத் திரட்டினார்கள். இம்ஹாஃப் மதராஸில் காலம் தள்ளிய மாதங்களில் மேற்கே சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்ற ஒரே கேள்விதான் செங்கல்பட்டிலும் நியூரம்பெர்க் இருக்கும் பிரான்கோனியாவிலும் அப்போது பிரபுக்களையும் மிராசுதார்களையும் அலைக்கழித்தது.

கேடட் சம்பளத்தில் ஒரு பிரபுவின் குடும்பம் மதராஸில் வாழ முடியாது. பல்லக்குக்கு ஆள், துபாஷ், சமையல்காரன், ஆயா என்று சிப்பந்திகளே ஒரு படை. இம்ஹாஃபுக்கு ஒரு கைத்தொழில் தெரிந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. சிற்றோவியம் வரைவார். உள்ளங்கையில் அடங்கும் தந்தத் தகட்டில் நீர்வண்ணம் வைத்து முகம் எழுதுவது. மயிரிழைத் தூரிகை, ஒவ்வொரு தீற்றலும் புள்ளி அளவு. வண்ணத்துக்கு அடியிலிருந்து தந்தத்தின் வெண்மை கசிவதால் முகத்தில் உயிர் தெரியும். புகைப்படம் இல்லாத காலத்தில், ஆறு மாதக் கடலுக்கு அப்பால் இருக்கும் தாய்க்கோ நிச்சயித்த பெண்ணுக்கோ அனுப்ப வேறென்ன இருக்கிறது? கழுத்துப் பதக்கத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். கப்பலில் தொலைந்துபோகும் சாமானும் இல்லை.

அதே 1769இல்தான் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியரும் மதராஸில் வந்திறங்கினார். நவாபை ஆளுயரத்துக்கு வரைந்து பேர் வாங்கினார். இந்தியாவுக்குத் தொழில்முறையாக வந்த முதல் ஆங்கில ஓவியர் என்று கலை வரலாற்றில் அவருக்கு இடமிருக்கிறது. இம்ஹாஃபின் பெயர் அடிக்குறிப்பில்தான். ஆனால் அவர் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்களும் வரைந்த படங்களும் பிழைத்துக் கிடந்தன. 2001இல் கெர்ஹார்ட் கோக் அவற்றைத் தொகுத்து ஜெர்மனில் புத்தகமாக்கினார். மெக்காலே பார்த்திராத சாட்சி அது.

மதராஸில் ஹேஸ்டிங்ஸின் வேலை ஏற்றுமதிக் கிடங்கைக் கவனிப்பது. நெசவாளர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சுரண்டிய தரகர்களை ஒதுக்கப் பார்த்தார். மாலை நேரங்கள் இம்ஹாஃப் வீட்டில் கழிந்தன. அந்த மூவருக்குள் என்ன பேச்சு நடந்தது என்பது அவர்களோடு போயிற்று. வெளியே தெரிந்தது இவ்வளவுதான்: 1770இல் அதிக வாடிக்கையாளரைத் தேடி இம்ஹாஃப் கல்கத்தா போனார், மரியன் மதராஸிலேயே இருந்தாள். 1771இல் அவளும் போனாள். 1772 தொடக்கத்தில் ஹேஸ்டிங்ஸ் வங்காள ஆளுநராகி அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

கல்கத்தாவில் தூரிகை நன்றாகவே ஓடியது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. படைவீரனாக அனுப்பிய ஆள் படம் வரைந்து சம்பாதிக்கிறானா? பட்டாளத்துக்குத் திரும்பு, இல்லையென்றால் கப்பலேறு என்று உத்தரவு வந்தது. 1773இல் இம்ஹாஃப் தனியாக ஐரோப்பா திரும்பினார்.

அடுத்தது விவாகரத்து. அன்றைய இங்கிலாந்தில் கணவன் மனைவி பிரிந்து வாழத் தேவாலய நீதிமன்றம் அனுமதி தரும். ஆனால் மறுமணம் செய்ய வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். 1857 வரை அப்படி விடுதலை பெற்றவர்கள் மொத்தம் முந்நூறு சொச்சம் பேர்தான். புராட்டஸ்டன்ட் ஜெர்மன் நாடுகளில் திருச்சபை மன்றங்களே திருமண முறிவை வழங்கின, மறுமணத்துக்கும் தடையில்லை. இம்ஹாஃப் ஜெர்மானியராக இருந்தது ஹேஸ்டிங்ஸுக்குக் கிடைத்த பெரிய வசதி. அங்கே காகிதம் நகர வேண்டும், பிறகு கடல் வழியாகக் கல்கத்தா வர வேண்டும். எல்லாம் முடிந்து 1777 ஆகஸ்ட் 8 அன்று ஹேஸ்டிங்ஸும் மரியனும் மணந்துகொண்டார்கள்.

ஹேஸ்டிங்ஸ் பணம் கொடுத்தாரா? பண்ணை வாங்கும் அளவுக்கு என்கிறார் மெக்காலே. ஊர் திரும்பிய இம்ஹாஃப் மோர்லாக் மாளிகையில் குடியேறி வாழ்ந்தது உண்மை. தூரிகைச் சம்பாத்தியம் மட்டும் அதற்குப் போதுமா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். ஆனால் இதை விற்பனை என்று சொல்பவர்கள், அந்தப் பெண்ணுக்கும் இதில் ஒரு விருப்பம் இருந்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு வயதில் கப்பலேறியவள் ஒன்றும் பொட்டலம் இல்லை.

இம்ஹாஃபும் தேவதாஸாகிவிடவில்லை. வைமார் அரசவையைச் சேர்ந்த லூயிசே ஃபொன் ஷார்ட் என்ற பிரபு குலப் பெண்ணோடு புதுக் குடித்தனம் தொடங்கினார். மூத்த மகள் அமலியே 1776 ஆகஸ்ட் 16 அன்று வைமாரில் பிறந்தாள். கல்கத்தாக் கல்யாணத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே. லூயிசேயின் அக்காள் ஷார்லோட்டே ஃபொன் ஷ்டைன். கவிஞர் கெதே பத்தாண்டு உருகி உருகிக் கடிதம் எழுதிய அதே ஷ்டைன் சீமாட்டி. வங்காள ஆளுநரின் கதையில் கோமாளியாக வந்தவர் ஜெர்மன் இலக்கியத்தின் முற்றத்தில் சகலமரியாதையோடு உட்கார்ந்திருந்தார்.

அமலியே அப்பாவைப் போலப் படம் வரைந்தாள். அவருக்கு இல்லாத இன்னொரு திறமையும் வாய்த்தது. ‘லெஸ்போஸ் சகோதரிகள்’ என்ற அவளுடைய நெடுங்கவிதையைக் கவிஞர் ஷில்லர் தன்னுடைய 1800ஆம் ஆண்டு மலரில் வெளியிட்டார். கெதே உட்கார்ந்து யாப்பைத் திருத்திக் கொடுத்தார். 1803இல் ஹெல்விக் என்ற ஸ்வீடன் படை அதிகாரியை மணந்து, ஸ்வீடிஷ் இலக்கியத்தை ஜெர்மனுக்குக் கொண்டுவந்து, 1831இல் பெர்லினில் இறந்தாள். இந்தியா மேல் வைமாருக்குப் பெரிய மோகம் பிறந்தது காளிதாசனின் சாகுந்தலம் 1791இல் ஜெர்மனில் வந்த பிறகு. இந்தியாவைக் கண்ணால் பார்த்த இம்ஹாஃப் அதற்கு மூன்றாண்டு முன்பே போய்விட்டார். 1788 ஆகஸ்டில், மியூனிக் நகரில்.

அந்த 1788 இன்னொரு கணக்குக்கும் முக்கியமான ஆண்டு. பிப்ரவரியில் லண்டனில், ஊர் திரும்பியிருந்த ஹேஸ்டிங்ஸ் மேல், இந்தியாவில் அவர் நடத்திய ஆட்சிக்காக நாடாளுமன்ற விசாரணை தொடங்கியது. ஏழு ஆண்டு இழுத்து 1795இல்தான் விடுதலை. ஆனால் அதே 1788இல் அவர் டேல்ஸ்ஃபோர்ட் பண்ணையைத் திரும்ப வாங்கிவிட்டார். ஓடைக்கரைச் சபதம் நிறைவேறியது. மரியன் அதற்குள் லண்டனின் வம்புப் பொருளாகியிருந்தாள். விவாகரத்தான பெண்களை அண்டவிடாத அரசி ஷார்லட் இவளை மட்டும் அரண்மனைக்குள் விட்டார். எத்தனை வைரம் கைமாறியதோ என்று பத்திரிகைகள் கேலிப்படம் போட்டன. கல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் இருக்கும், ஸோஃபனி என்ற ஓவியர் வரைந்த படத்தில் அவள் கணவரோடு மரத்தடியில் நிமிர்ந்து நிற்கிறாள்.

ஹேஸ்டிங்ஸுக்கும் மரியனுக்கும் குழந்தை இல்லை. இம்ஹாஃபின் இரண்டு மகன்களையும் ஹேஸ்டிங்ஸ் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். இளையவன் ஜூலியஸ் கம்பெனி அதிகாரியாகி வங்காளத்தில் 1799இல் இறந்தான். மூத்தவன் சார்லஸ் பிரிட்டிஷ் ராணுவத்தில் தளபதிவரை உயர்ந்து ‘சர்’ பட்டம் பெற்றான். அப்பா கேடட்டாகவே விட்டுவிட்டு வந்த தொழில். ஹேஸ்டிங்ஸ் 1818இல் கண்மூடினார், மரியன் 1837இல். ஏழு வயதிலிருந்து கனவு கண்டு, வங்காளத்தை ஆண்டு மீட்ட டேல்ஸ்ஃபோர்ட் மாளிகை அதன் பிறகு சர் சார்லஸ் இம்ஹாஃபிடம் வந்தது. 1853இல் அவர் இறக்கும்வரை வீட்டுக்காரர் அவர்தான். அதற்கப்புறம் விற்றுவிட்டார்கள்.